டெக்சஸுக்குப் புதுசா வந்திருக்கீங்களா? பிள்ளைய ஸ்கூல்ல சேக்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

ஒவ்வொரு வருஷமும் மே கடைசில ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "அக்கா, ரெண்டு அபார்ட்மெண்ட் பாத்து வச்சிருக்கோம், ஒண்ணு ஏ ரேட்டிங் ஸ்கூலுக்குப் போகுது, வாடகை 400 டாலர் கூட, இன்னொண்ணு பி ரேட்டிங், எத எடுக்கலாம்?" நானும் 2014ல டல்லஸ் பக்கம் வந்து இறங்குனப்போ இதே கேள்வியத்தான் பாக்குற எல்லார்கிட்டயும் கேட்டேன், எல்லாரும் "ஏ இருக்குற இடத்துக்குப் போங்க"ன்னு ஒரே பதில சொன்னாங்க, அந்த ஏ எங்கேருந்து வருது, யார் போடுறாங்க, எத வச்சுப் போடுறாங்கன்னு யாரும் சொல்லல. அது புரிய எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்னுதான் இத எழுதுறேன்.

முதல்ல அடிப்படை. அமெரிக்காவுல பள்ளிக்கூடம் ஸ்டேட் விஷயம். டெக்சஸ்ல சட்டம் போடுறது ஆஸ்டின்ல இருக்குற சட்டசபை, அத நடத்துறது டெக்சஸ் எஜுகேஷன் ஏஜென்சி, சுருக்கமா டிஇஏ. அதுக்குக் கீழ 1,200க்கு மேல ஸ்கூல் டிஸ்ட்ரிக்டும் (ஒரு ஏரியாவோட பப்ளிக் ஸ்கூல்கள நடத்துற அமைப்பு) சார்ட்டர் ஸ்கூல் அமைப்பும் (இத ஸ்டெப் 6ல சொல்றேன்) இருக்கு, கிட்டத்தட்ட 55 லட்சம் பிள்ளைங்க படிக்கிறாங்க. இங்க சட்டசபை வழக்கமா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவதான் கூடும், ஒற்றைப்படை வருஷத்துல, 140 நாள். அதனால 2021, 2023, 2025ன்னு ஒவ்வொரு தடவையும் ஸ்கூல் சட்டம் மாறிக்கிட்டே இருக்கும். நாலு வருஷம் முன்னாடி பிள்ளைய சேத்த ஃப்ரெண்ட் சொல்றது இன்னைக்குப் பொருந்தாம போகலாம், அவங்க தப்பா சொல்றாங்கன்னு இல்ல, சட்டம் மாறியிருக்கும்.

ஸ்டெப் 1: ஊர் பேர நம்பாதீங்க, அட்ரஸப் பாருங்க

ஐஎஸ்டின்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டே இருப்பீங்க. இண்டிபெண்டண்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். இதுக்கும் ஊர் எல்லைக்கும் சம்பந்தம் இல்ல. ஃப்ரிஸ்கோ சிட்டில வீடு எடுத்தா பிள்ளை ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டிலதான் படிக்கும்னு நினைக்கிறோம், ஆனா ஃப்ரிஸ்கோ சிட்டிக்குள்ளயே சில ஏரியா லூயிஸ்வில் ஐஎஸ்டிக்கும், சில ஏரியா லிட்டில் எல்ம், ப்ராஸ்பர் ஐஎஸ்டிக்கும் போகுது. லீசிங் ஆபீஸ்ல சொல்றத மட்டும் வச்சு கையெழுத்து போடாதீங்க. டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல ஸ்கூல் லொக்கேட்டர் இருக்கும், அதுல கதவு நம்பரோட அட்ரஸ் போட்டா எலிமெண்டரி, மிடில், ஹைஸ்கூல் மூணும் எதுன்னு காட்டும். அப்புறம் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு, அடுத்த வருஷம் ஜோன் மாத்தப் போறாங்களா, அந்த ஸ்கூல் நிரம்பி வழிஞ்சு வேற ஸ்கூலுக்கு அனுப்புறாங்களான்னும் கேட்டுக்கோங்க. வேகமா வளர்ற ஏரியாவுல இது ரொம்ப நடக்குது.

ஸ்டெப் 2: அட்மிஷன்

வேண்டியது இவ்வளவுதான். வீட்டு லீஸ் இல்லன்னா கரெண்ட் பில், பிள்ளையோட பர்த் சர்ட்டிஃபிகேட் அல்லது பாஸ்போர்ட், பழைய ஸ்கூல் மார்க் ஷீட், தடுப்பூசி ரெக்கார்ட். விசா ஸ்டேட்டஸப் பாத்து சேக்க மாட்டேன்னு எந்தப் பப்ளிக் ஸ்கூலும் சொல்ல முடியாது, அது 1982லயே சுப்ரீம் கோர்ட் சொல்லி முடிச்ச விஷயம், அந்தக் கேஸே டெக்சஸ்ல டைலர்ங்கிற ஊர்ல இருந்து போன கேஸ்தான்.

தடுப்பூசில நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு அடிக்கடி விட்டுப் போறது ஹெபடைடிஸ் ஏ, அப்புறம் அம்மை ஊசில சிக்கன்பாக்ஸ் ரெண்டாவது டோஸ். ஊர்லயே போட்டு எழுதி வாங்கிட்டு வந்துட்டா இங்க அலைச்சல் மிச்சம்.

கிளாஸ் விஷயம்: செப்டம்பர் 1 அன்னைக்கு 5 வயசு முடிஞ்சிருந்தா கிண்டர்கார்டன், 6 முடிஞ்சிருந்தா ஃபர்ஸ்ட் கிரேட். ஊர்ல யூகேஜி முடிச்சிட்டான்னு சொன்னாலும் இங்க வயசைத்தான் பாப்பாங்க. 4 வயசுப் பிள்ளை இருந்தா, இங்கிலீஷ் பேசவும் புரிஞ்சுக்கவும் வராதுன்னா, ப்ரீ-கே, அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தின கிளாஸ், ஃப்ரீயா கிடைக்க சட்டத்துல வழி இருக்கு, வருமானம் எவ்வளவா இருந்தாலும். டேகேருக்கு மாசாமாசம் பெரிய தொகை கட்டிக்கிட்டிருக்குற எத்தனையோ பேருக்கு இது தெரியாது, தயவுசெஞ்சு கேட்டுப் பாருங்க.

இப்ப ஹோம் லாங்குவேஜ் சர்வே. வீட்ல பெரும்பாலும் என்ன மொழி பேசுறீங்க, பிள்ளை பெரும்பாலும் என்ன மொழி பேசுதுன்னு கேக்குற ஒரு ஃபார்ம். இதுல "இங்கிலீஷ்னு எழுதிடுங்க, தமிழ்னு எழுதுனா ஈஎஸ்எல் கிளாஸ்ல, அதாவது இங்கிலீஷ் சரியா வராத பிள்ளைங்களுக்கான கிளாஸ்ல தள்ளிடுவாங்க"ன்னு ஒரு அறிவுரை நம்ம ஆளுங்க மத்தியில சுத்திக்கிட்டே இருக்கு. நான் இத ஒத்துக்க மாட்டேன். உண்மைய எழுதுங்க. தமிழ்னு எழுதுனா நாலு வாரத்துக்குள்ள ஒரு இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்க, பிள்ளை நல்லா செஞ்சா அதோட முடிஞ்சது. செய்யலன்னா பிள்ளைக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படுதுன்னு அர்த்தம், அந்த உதவிய சட்டப்படி ஸ்கூல் கொடுத்தாகணும், அதுக்குத் தனியா ஸ்டேட் பணமும் வருது. உதவி வேண்டாம்னு பெத்தவங்க எழுதிக் கொடுக்கலாம், ஆனா அப்படிக் கொடுத்தாலும் வருஷா வருஷம் டெல்பாஸ்ங்கிற மொழி டெஸ்ட் எழுதித்தான் ஆகணும், அதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும். ஃபார்ம்ல தெரியாம தப்பா எழுதிட்டா, பிள்ளைக்கு டெஸ்ட் வைக்கிறதுக்கு முன்னாடி, சேந்த ரெண்டு வாரத்துக்குள்ள எழுத்துல கேட்டா திருத்திக்கலாம். அதுக்கப்புறம் முடியாது.

ஸ்டெப் 3: அந்த ஏ எப்படி வருதுன்னு பாருங்க

இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

2017ல ஹவுஸ் பில் 22ன்னு ஒரு சட்டம் வந்துச்சு. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஏ, பி, சி, டி, எஃப்னு கிரேடு போடணும்னு. டிஸ்ட்ரிக்டுக்கு 2018 ஆகஸ்ட்ல முதல் தடவ வந்துச்சு, தனித்தனி ஸ்கூலுக்கு 2019ல. 90ல இருந்து மேல ஏ, 80ல இருந்து 89 வரைக்கும் பி, அப்படியே கீழ.

மார்க் மூணு இடத்துல இருந்து வருது. ஒண்ணு ஸ்டூடண்ட் அச்சீவ்மெண்ட், அதாவது பிள்ளைங்க டெஸ்ட்ல எவ்வளவு வாங்குனாங்க. ரெண்டு ஸ்கூல் ப்ராக்ரஸ், போன வருஷத்த விட அதே பிள்ளை எவ்வளவு முன்னேறுச்சு, இல்லன்னா இதே அளவு ஏழைப் பிள்ளைங்க படிக்கிற மத்த ஸ்கூலோட ஒப்பிட்டா இந்த ஸ்கூல் எப்படி, இந்த ரெண்டுல எது நல்லா இருக்கோ அத எடுத்துப்பாங்க. மூணு க்ளோசிங் த கேப்ஸ், வேற வேற இனம், வசதி கம்மியான வீட்டுப் பிள்ளைங்க, இங்கிலீஷ் இப்பத்தான் கத்துக்குற பிள்ளைங்க, ஸ்பெஷல் எட் (சிறப்புக் கல்வி) பிள்ளைங்க இப்படிக் குழுக் குழுவா பிரிச்சு யாராவது பின்தங்கிப் போறாங்களான்னு பாக்குறது. ஒண்ணுலயும் ரெண்டுலயும் எது கூடவோ அதுக்கு 70 சதவீதம், மூணாவதுக்கு 30 சதவீதம்.

கணக்கு போட்டுப் பாத்தாத்தான் இது புரியும். ரெண்டு ஸ்கூல்னு வச்சுக்கோங்க, நானா போட்ட நம்பர்தான். முதல் ஸ்கூல், பெரிய பெரிய வீடு இருக்குற ஏரியா, அச்சீவ்மெண்ட் 92, ப்ராக்ரஸ் 84, க்ளோசிங் த கேப்ஸ் 70. அப்ப 92ல 70 சதவீதம் 64.4, 70ல 30 சதவீதம் 21, மொத்தம் 85, பி. ரெண்டாவது ஸ்கூல், அபார்ட்மெண்ட் நிறைய, பாதிப் பிள்ளைங்களுக்கு மேல ஃப்ரீ லஞ்ச், அச்சீவ்மெண்ட் 74, ப்ராக்ரஸ் 91, க்ளோசிங் த கேப்ஸ் 88. 63.7ம் 26.4ம் கூட்டுனா 90, ஏ. வெளிய தெரியறது ரெண்டு எழுத்துதான். முதல் ஸ்கூல்ல பிள்ளைங்க நிறைய மார்க் வாங்குறாங்க, ஆனா ஏதோ ஒரு கூட்டத்துப் பிள்ளைங்க பின்னாடி நிக்குறாங்க. ரெண்டாவது ஸ்கூல்ல மார்க் சுமார்தான், ஆனா வர்ற பிள்ளைய முன்னாடி தள்ளிக் கொண்டு போற டீச்சர்ஸ் இருக்காங்க. ஊர்ல இருந்து இப்பத்தான் வந்து இங்கிலீஷ் ஆக்ஸண்டே புரியாம முழிக்கிற ஒரு மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு எது நல்லதுன்னு என்னைக் கேட்டா, நான் ப்ராக்ரஸையும் மூணாவது மார்க்கையும்தான் முதல்ல பாக்கச் சொல்வேன்.

அதனால மொத்த எழுத்தப் பாத்துட்டு விட்டுடாதீங்க. டிஎக்ஸ் ஸ்கூல்ஸ் டாட் கவ்னு ஸ்டேட்டே ஒரு சைட் வச்சிருக்கு, ஸ்கூல் பேர் போட்டா மூணு மார்க்கும் தனித்தனியா வரும். வீடு தேடுற ஆப்ல வர்ற பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒம்போதுங்கிற மார்க் வேற, அது தனியார் போடுறது, அதையும் இதையும் குழப்பிக்காதீங்க.

இன்னும் மூணு விஷயம் கவனிக்கணும். ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் மட்டும் இருக்குற ஸ்கூலா இருந்தா அங்க ஸ்டேட் டெஸ்ட்டே கிடையாது, ஏன்னா டெஸ்ட் மூணாங்கிளாஸ்லதான் ஆரம்பிக்குது, அப்ப அந்த ஸ்கூலுக்கு வேற ஒரு ஸ்கூலோட சேத்து அதோட ரேட்டிங்கைக் கொடுப்பாங்க. நீங்க பாக்குறது பக்கத்து ஸ்கூல் மார்க்.

ஹைஸ்கூலுக்கு அச்சீவ்மெண்ட்ல டெஸ்ட் 40 சதவீதம்தான், காலேஜ் அல்லது வேலைக்குத் தயாரா இருக்காங்களாங்கிறது 40, எத்தனை பேர் கிராஜுவேட் ஆனாங்கங்கிறது 20.

மூணாவது, வருஷத்தப் பாருங்க. கோவிட்னால 2020, 2021ல ரேட்டிங்கே இல்ல. 2023ல டிஇஏ கணக்கு முறைய மாத்துச்சு, ஹைஸ்கூல்ல ஏ வாங்க காலேஜ்-வேலைத் தயார்நிலை 60 சதவீதம் இருந்தா போதும்னு இருந்தத 88 ஆக்குச்சு, நூத்துக்கு மேல டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க, அந்த 2023 ரேட்டிங் 2025 ஏப்ரல்லதான் வெளிய வந்துச்சு. 2024ம் 2025ம் சேந்து 2025 ஆகஸ்ட் 15 அன்னைக்கு வந்துச்சு. 2022ல "ஏ", 2023ல "பி"ன்னு பாத்தா ஸ்கூல் கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, அளவுகோலையே மாத்தியிருக்காங்க. 2023ல இருந்து வந்த மூணு வருஷத்த மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அதுதான் நியாயமான ஒப்பீடு.

ரேட்டிங்கை விட எனக்குப் பிடிச்சது டேப்பர்னு சொல்ற வருஷ ரிப்போர்ட், டெக்சஸ் அகாடெமிக் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட். அதுல டீச்சர்ஸுக்கு எத்தனை வருஷ அனுபவம், எந்தக் கிரேடுல சராசரி எத்தனை பிள்ளைங்க, டிஸ்ட்ரிக்ட்ல வருஷத்துக்கு எத்தனை சதவீதம் டீச்சர்ஸ் விட்டுட்டுப் போறாங்கன்னு எல்லாம் இருக்கும். டீச்சர் நிலைச்சு நிக்காத இடத்துல ஏ இருந்தாலும் எனக்குக் கவலைதான். இந்த ரிப்போர்ட் மேல ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் வருஷா வருஷம் பப்ளிக் ஹியரிங் வைக்கணும்னு சட்டம், பெத்தவங்க போய் உக்காந்து கேக்கலாம்.

ஸ்டெப் 4: ஸ்டார் டெஸ்ட்டுக்குப் பயப்படாதீங்க

ஸ்டேட் டெஸ்ட் பேர் ஸ்டார். 2012ல இருந்து இருக்கு. மூணுல இருந்து எட்டு வரைக்கும் வருஷா வருஷம் ரீடிங்கும் கணக்கும், அஞ்சுலயும் எட்டுலயும் சயின்ஸ், எட்டுல சோஷியல் ஸ்டடீஸ். ஹைஸ்கூல்ல அல்ஜீப்ரா 1, இங்கிலீஷ் 1, இங்கிலீஷ் 2, பயாலஜி, யுஎஸ் ஹிஸ்டரின்னு அஞ்சு. ரிசல்ட்ல டிட் நாட் மீட், அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ்னு நாலு நிலை. அப்ரோச்சஸ் வந்தாலே பாஸ், ஆனா கிரேடுக்கு ஏத்த அளவு வந்திருக்குன்னா மீட்ஸ் வரணும்.

முன்னாடி அஞ்சுலயும் எட்டுலயும் ஃபெயில் ஆனா மேல போக முடியாதுன்னு இருந்துச்சு, 2021ல அத எடுத்துட்டாங்க. இப்ப பாஸ் ஆகலன்னா ஸ்கூல் கூடுதலா டியூஷன் மாதிரி சொல்லிக் கொடுக்கணும், சின்னக் குழுவா, நாலு பிள்ளைக்கு ஒருத்தர்ங்கிற கணக்குல, 15 மணி நேரமாவது 30 மணி நேரமாவது. இதக் கேட்டு வாங்குங்க, இது உங்க பிள்ளைக்கு சட்டம் கொடுத்தது. ஹைஸ்கூல் டெஸ்ட்தான் கிராஜுவேஷனுக்குக் கணக்கு, அதுலயும் ரெண்டு டெஸ்ட் வரைக்கும் போச்சுன்னா கமிட்டி உக்காந்து பாத்து விட வழி இருக்கு.

இன்னொண்ணு, டெஸ்ட் முழுக்க கம்ப்யூட்டர்ல, பதில டைப் பண்ணி எழுதணும். ஊர்ல அழகா கையெழுத்து எழுதுன பிள்ளை இங்க வந்து கீபோர்ட்ல எழுத்தத் தேடிக்கிட்டே நேரத்த விட்டுடும். மூணாங்கிளாஸுக்கு வர்ற பிள்ளையா இருந்தா கோடையிலயே டைப்பிங் பழக்கி விடுங்க. 2025ல போட்ட ஹவுஸ் பில் 8 படி, 2027-28ல இருந்து வருஷக் கடைசில ஒரே பெரிய டெஸ்ட்டுக்குப் பதிலா வருஷத் தொடக்கம், நடு, கடைசின்னு மூணு சின்ன டெஸ்ட்டா மாறப் போகுது. இப்ப ஒண்ணாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ்ல பிள்ளை இருக்குறவங்க ஸ்டார் கைடு புக்க வாங்கிக் குவிக்காதீங்க.

ஸ்டெப் 5: "இன்னவேஷன்" பிளான் படிங்க

இதப் பத்தி யாருமே சொல்ல மாட்டாங்க, அதனாலதான் எனக்கு இது முக்கியம்.

2015ல ஹவுஸ் பில் 1842ன்னு ஒரு சட்டம். அதுல ரெண்டு விஷயம் சேந்து இருக்கு. ஒரு பக்கம், டிஸ்ட்ரிக்ட் ஆஃப் இன்னவேஷன்னு ஒரு ஏற்பாடு, தேறுற ரேட்டிங் இருக்குற எந்த டிஸ்ட்ரிக்டும் ஒரு பிளான் போட்டு, ஸ்டேட் ஸ்கூல் சட்டங்கள்ல பலதுல இருந்து விலக்கு எடுத்துக்கலாம். இன்னொரு பக்கம், ஒரு ஸ்கூல் தொடர்ந்து அஞ்சு வருஷம் தேறலன்னா டிஇஏ கமிஷனர் அந்த ஸ்கூல மூடணும், இல்லன்னா டிஸ்ட்ரிக்ட நடத்துற, மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்த போர்டையே எடுத்துட்டு வேற ஆட்கள நியமிக்கணும். சுதந்திரமும் தண்டனையும் ஒரே பில்லுல.

இப்ப 900க்கு மேல டிஸ்ட்ரிக்ட் இந்த இன்னவேஷன் பட்டியல்ல இருக்கு, அதனால உங்களோடதும் அனேகமா இருக்கும். பேரக் கேட்டா ரோபோட்டிக்ஸ் லேப், புது பாட முறைன்னு தோணும். சில இடத்துல அப்படியும் செய்றாங்க, காலேஜ் கோர்ஸுக்குத் தோதா டைம்டேபிள் மாத்துறது, வெல்டிங், நர்சிங் மாதிரி தொழிற்பாடத்துக்கு அந்தத் தொழில்ல இருந்தவரையே டீச்சரா வைக்கிறதுன்னு, அதெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா பெரும்பாலான பிளான்ல முதல்ல வர்ற விலக்கு மூணு.

ஒண்ணு, ஸ்கூல் திறக்குற தேதி. சட்டப்படி ஆகஸ்ட் நாலாவது திங்கக்கிழமைக்கு முன்னாடி திறக்கக் கூடாது, விலக்கு எடுத்ததால நிறைய இடத்துல ஆகஸ்ட் நடுவுலயே, அதுக்கும் முன்னாடியே திறந்துடுறாங்க. ஆகஸ்ட் 20க்கு டிக்கெட் போட்டு வர்றவங்க பிள்ளை ஒரு வாரம் பிந்தித்தான் சேரும், காலண்டரப் பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

ரெண்டு, டீச்சர் சர்ட்டிஃபிகேட். லைசன்ஸ் இல்லாதவங்கள வேலைக்கு எடுக்கலாம்னு விலக்கு. ஆள் கிடைக்காத கஷ்டம் உண்மைதான், குறிப்பா சின்ன ஊர்கள்ல, ஆனா இது ரொம்ப தூரம் போயிடுச்சுன்னு சட்டசபையே உணர்ந்து 2025ல ஹவுஸ் பில் 2ல அடிப்படைப் பாடங்களுக்கு சர்ட்டிஃபிகேட் இல்லாதவங்கள வைக்கிறத படிப்படியா நிறுத்தச் சொல்லியிருக்கு. உங்க பிள்ளையோட டீச்சருக்கு சர்ட்டிஃபிகேட் இருக்கான்னு டிஇஏ வெப்சைட்ல பேர் போட்டு யார் வேணாலும் பாக்கலாம். பாக்குறதுல தப்பே இல்ல, ஆனா இல்லன்னு தெரிஞ்சதும் அந்த டீச்சர் மேல பாயாதீங்க, அவங்க தப்பு இல்ல அது, பிரின்சிபால்கிட்ட "அவங்களுக்கு யார் ட்ரெய்னிங் கொடுக்குறாங்க"ன்னு கேளுங்க.

மூணு, கிளாஸ்ல எத்தனை பிள்ளைங்க. கிண்டர்கார்டன்ல இருந்து நாலாங்கிளாஸ் வரைக்கும் ஒரு கிளாஸ்ல 22 பிள்ளைக்கு மேல கூடாதுன்னு 1984ல இருந்து சட்டம். இங்கதான் நான் மாட்டுனேன். 2019ல என் பையன் மூணாங்கிளாஸ், கிளாஸ்ல 26 பேர். டீச்சர் பாவம் ஓடிக்கிட்டே இருந்தாங்க, பையன் கை தூக்கித் தூக்கி அலுத்துப் போய் கேள்வி கேக்குறதையே விட்டுட்டான். சட்டம் 22தானேன்னு ஸ்கூல்ல கேட்டேன், "நம்ம இன்னவேஷன் பிளான்ல அதுக்கு விலக்கு இருக்கு"ன்னாங்க. அன்னைக்குத்தான் அப்படி ஒரு பிளான் இருக்குறதே எனக்குத் தெரியும். டிஸ்ட்ரிக்ட் சைட்ல தேடி எடுத்தேன், ஏழெட்டுப் பக்கம்தான், ராத்திரி உக்காந்து முழுசா படிச்சேன். எல்லாமே முறைப்படி நடந்திருக்கு. பப்ளிக் ஹியரிங் வச்சிருக்காங்க, 30 நாள் வெப்சைட்ல போட்டிருக்காங்க, பெத்தவங்களும் இருக்குற டிஸ்ட்ரிக்ட் கமிட்டி ஓட்டு போட்டிருக்கு, அப்புறம் போர்டுல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு விழுந்திருக்கு. பெத்தவங்க தரப்புல கருத்து சொன்னவங்கதான் கிட்டத்தட்ட யாருமே இல்ல.

அதனால இதச் செய்யுங்க. டிஸ்ட்ரிக்ட் சைட்ல "டிஸ்ட்ரிக்ட் ஆஃப் இன்னவேஷன்"னு தேடி பிளான எடுத்து, எந்தெந்த சட்டத்துல விலக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஏன் விலக்கு, பதிலுக்கு என்ன செய்யப் போறோம்னு எழுதியிருக்கான்னு பாருங்க. "உள்ளூர்த் தேவைக்கேற்ப வளைந்து கொடுக்க"ன்னு மட்டும் எழுதி, எத்தனை பிள்ளை வரைக்கும் போகலாம், யார்கிட்ட ஒப்புதல் வாங்கணும், பெத்தவங்களுக்கு எப்பச் சொல்லணும்னு எதுவும் இல்லன்னா அந்த வரியக் குறிச்சு வைங்க. எதுல விலக்கு எடுக்கவே முடியாதுன்னும் தெரிஞ்சுக்கோங்க: ஸ்டார் டெஸ்ட், ஏ-எஃப் ரேட்டிங், ஸ்டேட் பாடத்திட்டம், கிராஜுவேஷன் விதிகள், மத்திய அரசுச் சட்டங்கள். ஸ்பெஷல் எட் பிள்ளை இருக்குறவங்ககிட்ட "இன்னவேஷன் டிஸ்ட்ரிக்ட், அதனால அந்த உதவி இல்ல"ன்னு யாராவது சொன்னா நம்பவே நம்பாதீங்க, அது மத்திய அரசுச் சட்டம்.

ஸ்டெப் 6: சார்ட்டர், வவுச்சர் சுருக்கமா

சார்ட்டர் ஸ்கூல் தனியார் ஸ்கூல் இல்ல, 1995 சட்டத்துல வந்த ஃப்ரீ பப்ளிக் ஸ்கூல், தனி அமைப்பு நடத்துது. கேக்குறவங்க கூட இருந்தா லாட்டரி. ஸ்டார், ஏ-எஃப் எல்லாம் அதுக்கும் உண்டு. வித்தியாசம் என்னன்னா ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்குற போர்டு கிடையாது, டீச்சருக்கு பெரும்பாலும் டிகிரி இருந்தா போதும், பல இடத்துல பஸ் கிடையாது. டிஸ்ட்ரிக்ட் ஸ்கூலுக்கு அஞ்சு வருஷம் கெடுன்னா, சார்ட்டர் நடத்துற அமைப்பு தொடர்ந்து மூணு வருஷம் தேறலன்னாலே லைசன்ஸ் போயிடும்னு 2013ல சட்டம் போட்டாங்க. நடுவுல மூடுனா நடு வருஷத்துல அலையப் போறது நீங்கதான், அதனால அதோட ரேட்டிங் வரலாற நல்லா பாத்துட்டு சேருங்க.

வவுச்சர் 2025ல சட்டமாச்சு, 2026-27ல இருந்து தனியார் ஸ்கூல் ஃபீஸுக்கு ஸ்டேட் பணம். தனியார் ஸ்கூலுக்கு ஏ-எஃப் கிடையாதுங்கிறத மட்டும் மனசுல வச்சுக்கோங்க, இத்தனை நேரம் நாம பாத்த எந்த மார்க்கும் அங்க இருக்காது.

ஸ்டெப் 7: ஹூஸ்டன்ல நடந்தத தெரிஞ்சுக்கோங்க

அஞ்சு வருஷக் கெடு வெறும் காகிதம்னு நினைக்க வேண்டாம். ஹூஸ்டன் ஐஎஸ்டி, டெக்சஸ்லயே பெரிய டிஸ்ட்ரிக்ட். அங்க வீட்லி ஹைஸ்கூல், ஃபிஃப்த் வார்டுல கறுப்பின மக்களோட பழம்பெரும் பள்ளி, கறுப்பின அரசியல் தலைவர் பார்பரா ஜோர்டன் படிச்ச இடம். அது வருஷக் கணக்கா தேறாம இருந்தது முக்கியக் காரணமாச்சு. 2019லயே டிஇஏ டிஸ்ட்ரிக்ட கையில எடுக்கப் போறேன்னு சொல்லி, கேஸ் நடந்து, 2023 ஜனவரில டெக்சஸ் சுப்ரீம் கோர்ட் வழி விட்டு, அந்த ஜூன் 1ல மக்கள் தேர்ந்தெடுத்த போர்டுக்குப் பதிலா ஒம்போது பேர நியமிச்சு, மைக் மைல்ஸ்ங்கிறவர சூப்பரிண்டெண்டெண்டா, அதாவது டிஸ்ட்ரிக்டோட தலைமை அதிகாரியா கொண்டு வந்தாங்க. ரேட்டிங் ஏறியிருக்கு, இது உண்மை. நிறைய ஸ்கூல்ல லைப்ரரிய லைப்ரரியா வச்சிக்கல, டீச்சர்ஸும் குடும்பங்களும் நிறைய பேர் விட்டுட்டுப் போனாங்க, இதுவும் உண்மை. 2027 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. 2025 அக்டோபர்ல ஃபோர்ட் வொர்த் ஐஎஸ்டியையும் எடுக்கப் போறதா அறிவிச்சாங்க, அங்கயும் ஒரே ஒரு ஸ்கூல் அஞ்சு வருஷம் தேறாததுதான் காரணம்.

என் கருத்து, தோத்துப் போற ஸ்கூல்ல பிள்ளைங்கள வருஷக் கணக்கா விட்டு வைக்கிறது பெரிய பாவம், ஆனா கேள்வி கேட்டா ஓட்டுல தோத்துடுவோம்ங்கிற பயம் இல்லாத போர்டுகிட்ட பெத்தவங்க குரல் ஏறவே ஏறாது. ஹூஸ்டன் பக்கம் வர்றவங்க கேட்டி, ஃபோர்ட் பெண்ட் எல்லாம் தனி ஐஎஸ்டின்னு தெரிஞ்சுக்கோங்க, இந்த மாற்றம் ஹூஸ்டன் ஐஎஸ்டிக்கு மட்டும்தான்.

ஸ்டெப் 8: போர்டு மீட்டிங்குக்குப் போங்க

"நமக்கு ஓட்டே இல்ல, எச்1பி, நாம போய் என்ன பேச"ன்னு நிறைய பேர் நினைக்கிறீங்க. ஓட்டு போடத்தான் சிட்டிசன் ஆகணும். பேசுறதுக்கு சிட்டிசன் ஆக வேண்டியதில்ல. அஜெண்டாவுல இருக்குற விஷயத்தப் பத்தி பொதுமக்கள் யாரா இருந்தாலும் பேச விடணும்னு 2019ல சட்டமே போட்டிருக்காங்க, அதிகாரிகளக் குறை சொன்னாலும் தடுக்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் வச்சுப் பேசுறவங்களுக்கு ரெண்டு மடங்கு நேரம் கொடுக்கணும்னும் அதுலயே இருக்கு. அப்ப பேரப் பிள்ளையக் கூட்டிட்டுப் போய் விடுற தாத்தா பாட்டி கூட தமிழ்ல பேசலாம்.

மீட்டிங்குக்குப் போறதுக்கு முன்னாடி ஏதாவது குறை இருந்தா வரிசையா போங்க, டீச்சர், பிரின்சிபால், அப்புறம் டிஸ்ட்ரிக்ட்ல எழுத்துப்பூர்வமா புகார். புகாருக்கு நாள் கெடு உண்டு, டிஸ்ட்ரிக்ட் பாலிசில பாத்துக்கோங்க, பேசிக்கிட்டே இருந்து கெடுவ விட்டுடாதீங்க. ஈமெயில்ல எழுதுங்க, போன்ல பேசுனா கூட "இன்னைக்குப் பேசுனது இது"ன்னு ஒரு மெயில் போட்டு வைங்க. ஸ்கூல் அளவுலயும் டிஸ்ட்ரிக்ட் அளவுலயும் பெத்தவங்க இருக்க வேண்டிய கமிட்டி இருக்கு, ஆள் கிடைக்காம தவிக்கிறாங்க, பிரின்சிபால்கிட்ட கேட்டா அனேகமா சேத்துப்பாங்க.

2022ல எங்க டிஸ்ட்ரிக்ட் பிளான் புதுப்பிக்க வந்துச்சு, இந்தப் பிளான் அதிகபட்சம் அஞ்சு வருஷம்தான் செல்லும். நானும் இன்னும் ஆறு அம்மாக்களும் முன்னாடியே சேந்து உக்காந்து பேசி, ஆளுக்கு ஒரு விஷயம்னு பிரிச்சுக்கிட்டோம், ஏன்னா ஒருத்தருக்கு மூணு நிமிஷம்தான். எனக்குக் கிளாஸ் சைஸ். விலக்கே வேண்டாம்னு கேட்டோம், அது நடக்கல. ஆனா 22க்கு மேல போனா அந்தக் கிளாஸ் பெத்தவங்களுக்கு எழுத்துல சொல்லணும், உதவிக்கு ஒரு ஆளும் போடணும்னு ஒரு வரி சேத்தாங்க. இப்ப என் சின்னவ கிளாஸ்ல 24 பேர் ஆனப்போ லெட்டரும் வந்துச்சு, காலையில ரெண்டு மணி நேரம் உதவி டீச்சரும் வர்றாங்க.

அடுத்து 2027ல வருது. உங்க டிஸ்ட்ரிக்ட் பிளான்லயும் அது முடியற தேதி போட்டிருக்கும், பெரும்பாலும் முதல் பக்கத்துலயோ கடைசிப் பக்கத்துலயோ. அந்தத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடி காலண்டர்ல குறிச்சு வைங்க, கமிட்டி அப்பத்தான் உக்காரும், போர்டு ஓட்டு போடுற அன்னைக்குப் போறதுக்குள்ள பாதி முடிவாயிருக்கும். பேச பேர் கொடுக்குறதுக்கும் அன்னைக்கு ஒரு கட்-ஆஃப் நேரம் இருக்கும், அத வெப்சைட்ல பாத்துட்டுக் கிளம்புங்க.